அடிக்குறிப்பு போடாத பக்கம்

பதிப்பாசிரியர் செய்யும் வேலை வெளியே தெரியக் கூடாது என்று இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரமே உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆனால் நான் செய்த வேலை ஒரு நாள் அறுபது பேர் கூடியிருந்த அரங்கில், நூலாசிரியர் ஒலிவாங்கி முன்னால் நிற்கும்போதே, பட்டவர்த்தனமாகத் தெரிந்துபோனது. நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. ஆனால் அந்தச் சூட்டோடு கூடவே ஒரு துள்ளலும் வருகிறது. அதனால்தான் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், இத்தனை வருட வேலையில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டதும் யோசிக்காமல் இதை எடுத்துக்கொண்டேன்.

நான் தவளக்குப்பத்துக்காரி. வீட்டில் நிலமும் மாடும்தான். புதுச்சேரி நகரத்துக் கல்லூரிக்கு வந்த முதல் நாளே, "பஸ்ஸு வரல, நடந்துகினு வந்துட்டேன்" என்று சொன்னேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்று மாலையே என் பேச்சைச் சலவைக்குப் போட்டேன். ஒரு வருடத்தில் வானொலிச் செய்தி வாசிப்பவரைப்போலப் பேச ஆரம்பித்துவிட்டேன். அந்தச் சலவைத் திறமைதான் பதிப்பகத்தில் எனக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. யாருடைய எழுத்து வந்தாலும் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துத் தருவேன். முதலாளிக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. "மல்லிகா கை பட்டா ஒரு சுருக்கம் இருக்காது" என்பார்.

ஜமீலாவின் கையெழுத்துப் பிரதி வந்தது பத்துப் பதினோரு வருடங்களுக்கு முன்னால். அவர் முஸ்லிம் தெருக்கள் பக்கம் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். நாலு நீளக் குறிப்பேடுகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, "நாவல்னு நெனச்சிதான் எழுதனேன் மேடம். இல்லன்னா சொல்லுங்க, எடுத்துக்கினு போயிடுறேன்" என்றார்.

அன்று மதியம் படிக்க உட்கார்ந்தவள் அலுவலகம் மூடும்வரை எழுந்திருக்கவில்லை. அவருடைய அத்தா, அதாவது அப்பா, இளம் வயதில் கப்பல் ஏறி சைகோன் போய், அங்கே பிரெஞ்சுக்காரப் பெண்களுக்கு உடுப்பு தைத்தவர். பிறகு ஊர் திரும்பி, காரைக்காலில் பெண் எடுத்து, இங்கே கடை போட்டார். அந்தக் கடையும் வீடும் மனிதர்களும்தான் கதை. பெயர், ‘ஒரு முழம் சைகோன்’. அந்த வீட்டில் கத்தரிக்கோலுக்கு ‘சிசோ’ என்று பெயர். நகராட்சி ‘மேரி’. பெருநாளைக்கு ஒரு பக்கம் பிரியாணி, இன்னொரு பக்கம் சைகோன் பழக்கத்தில் அரிசித்தாளில் சுருட்டிப் பொரித்த ‘நெம்’. தொழுகையும் துஆவும் ஒரு பக்கம் நடக்க, அடுத்த அறையில் அத்தா அளவு எடுக்கும்போது பிரெஞ்சில் எண்ணுவார். இப்படி ஒன்றை நான் தமிழில் படித்ததே இல்லை.

படித்து முடித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை எடுத்துச் சலவையை ஆரம்பித்தேன்.

என்னைத் திட்டுவதற்கு முன் என் நியாயத்தையும் கேளுங்கள். இவ்வளவு நல்ல நாவல் புதுச்சேரியோடு நின்றுவிடக் கூடாது, மதுரையிலும் கோவையிலும் படிக்க வேண்டும், அங்கிருப்பவர்களுக்கு சிசோ என்றால் என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆசையில்தான் கெடுத்தேன். வெறுப்பில் யாரும் ஒரு நூலை இந்த அளவுக்குக் கெடுக்க முடியாது.

சிசோ கத்தரிக்கோல் ஆனது. மேரி நகராட்சி ஆனது. அத்தா அப்பா ஆனார். பேச்சு வழக்கில் இருந்த கதை முழுவதும் எழுத்து வழக்குக்கு மாறியது. அப்படியே அத்தாவின் கடைசி நாட்கள் வரும் பக்கத்துக்கு வந்தேன். ஜமீலா எழுதியிருந்தது இது:

‘பதினோரு நாளா அத்தா சைகோன்லயே நின்னாரு. "லெவே லெ ப்ரா, மதாம்"ன்னாரு. "தூர்னே"ன்னாரு. அம்மா என் மூஞ்சியப் பாத்தாங்க. "என்னடி கேக்குறாரு?" "உங்களத்தான் கூப்புடுறாரு"ன்னேன். அம்மா கட்டில் ஓரமா போய் குந்துனாங்க. பன்னண்டாம் நாளு விடியறப்ப, "ஆணம் ஊத்து புள்ள"ன்னாரு. அம்மா அப்பத்தான் அழுதாங்க.’

எனக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு கொஞ்சம் உண்டு. போதாததற்கு அகராதியும் பார்த்தேன். ‘லெவே லெ ப்ரா, மதாம்’ என்றால் ‘கையைத் தூக்குங்கள், அம்மணி’. ‘தூர்னே’ என்றால் ‘திரும்புங்கள்’. எங்கேயாவது ‘உன்னைக் கூப்பிடுகிறேன்’ என்று இருக்கிறதா? இல்லை. சரி, ஆசிரியருக்குப் பிரெஞ்சு சரியாக வரவில்லை, தப்பாக அர்த்தம் செய்துவிட்டார் என்று முடிவு கட்டி, "என்னடி கேக்குறாரு", "உங்களத்தான் கூப்புடுறாரு" இரண்டையும் அடித்தேன். ஆணம் என்பது ஏதோ அரபுச் சொல் என்று நினைத்துக் குழம்பு ஆக்கினேன். என் கை பட்ட பிறகு அந்தப் பக்கம் இப்படி நின்றது:

‘பதினோரு நாட்களாக அப்பா பழைய நினைவிலேயே இருந்தார். "கையைத் தூக்குங்கள், அம்மணி" என்றார். "திரும்புங்கள்" என்றார். அம்மா கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். பன்னிரண்டாம் நாள் விடியலில், "குழம்பு ஊற்று" என்றார். அம்மா அழுதார்.’

குழம்பு கேட்டால் எதற்கு அழ வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை. திருப்தியாக இருந்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அச்சுக்குமுன் ஆசிரியர் சரிபார்க்க வேண்டிய மெய்ப்பை எடுத்துக்கொண்டு ஜமீலாவின் கடைக்குப் போனேன். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, கடை முழுக்கத் துணி மலை. அவர் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. "நெறைய மாத்தியிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார். "சின்னச் சின்னத் திருத்தம்தான். நாங்க பாத்துக்குறோம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. அந்தக் கையெழுத்தை நான் வாங்கியிருக்கவே கூடாது. எழுதியவர் படிக்காத மெய்ப்பு என்றைக்கும் முடிந்த மெய்ப்பு ஆகாது.

வெளியீட்டு விழா கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய அரங்கில், ஒரு ஞாயிறு மாலை. புத்தகக் கட்டு அன்று மதியம்தான் அச்சகத்திலிருந்து வந்து இறங்கியது. ஜமீலா அட்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்ததோடு சரி. முன்வரிசைகளில் அவருடைய சொந்தக்காரர்களும், அவரிடம் ரவிக்கை தைக்கும் பெண்களும். பின்வரிசைகளில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள், அவர்களுடைய மனைவிமார்கள். முன்வரிசை நடுவில் ஜமீலாவின் அம்மா, வெள்ளைத் துப்பட்டியில், புத்தகத்தை மடியில் வைத்து, எழுத்து எழுத்தாக விரலால் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

படிக்கச் சொன்னதும் ஜமீலா தன்னுடைய பழைய குறிப்பேட்டைத்தான் எடுத்தார். "எங் கையெழுத்துன்னாதான் எனக்கு தடங்கலில்லாம வரும்" என்றார். முதலாளி எழுந்து, இன்ன பக்கம், எல்லோரும் புத்தகத்தில் பார்த்துக்கொண்டே கேளுங்கள் என்று அறிவித்தார். அத்தாவின் கடைசி நாட்கள் வரும் பக்கம்தான்.

ஜமீலா நாலு வரி படிப்பதற்குள் அரங்கில் காகிதம் புரளும் சத்தம். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜமீலா, "உங்களத்தான் கூப்புடுறாரு"ன்னேன் என்று படித்ததும், முன்வரிசையில் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஜமீலா, நீ படிக்கிறது இதுல இல்லியே. ‘கூப்புடுறாரு’ எங்க? காணோமே."

ஜமீலா குறிப்பேட்டை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். அம்மாவின் மடியில் இருந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். சட்டென்று அந்தப் புத்தகத்தை மூடி, அம்மாவின் மடியிலிருந்து எடுத்துவிட்டார். ஏன் அப்படிப் பிடுங்குவதுபோல எடுத்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இன்னொரு பிரதியை எடுத்து, நின்றபடியே படித்தார்.

நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கேட்டார். "இது யாரு? இந்தப் புத்தகத்துல பேசுறாரே, இந்த ஆளு யாரு? எங்க அத்தா இல்ல."

முதலாளி என் காதருகே குனிந்தார். "அச்சகத்துல பழைய கோப்பு மாறிப்போச்சுன்னு சொல்லிடு மல்லிகா. நாளைக்குப் பேசிக்கலாம்."

சொல்லியிருக்கலாம். அச்சகத்துக்காரர் அங்கே இல்லை. எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஒலிவாங்கி வரைக்கும் பத்தடி. அந்தப் பத்தடியில் நான் அந்தப் பொய்யைத்தான் தயார் செய்துகொண்டு போனேன், நல்ல இலக்கணத்தோடு. ஆனால் ஜமீலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெய்ப்பில் கையெழுத்துப் போடும் முன் பார்த்தாரே, அதே பார்வை. வாயைத் திறந்தேன். வந்தது இருபத்தைந்து வருடமாக நான் வெளியே விடாத பேச்சு.

"நான்தாங்க மாத்திட்டேன். அச்சுக்காரரு மேல ஒரு தப்பும் இல்ல. நல்லாருக்கும்னு நெனச்சி மாத்திட்டேன். அவங்களுக்கு காட்டக்கூட இல்ல. எழுதுனவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. நான் கெடுத்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஜமீலா மேடைக்குத் திரும்பிப் போய், "எல்லாரும் புத்தகத்த மூடி வச்சிடுங்க" என்றார். அறுபது புத்தகங்கள் மூடிக்கொண்டன. முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார்.

இனிமேல் சொல்லப்போவதுதான், இளைஞர்களே, என் வேலைநாட்களிலேயே என்னை உலுக்கிய நிமிடம். அவமானத்தில் உட்காரத் தோன்றாமல் மேடை ஓரமாகவே நின்றிருந்தேன். அதனால் மொத்தக் கூட்டத்தின் முகமும் எனக்குத் தெரிந்தது. ஜமீலா, "லெவே லெ ப்ரா, மதாம்" என்று படித்தார். "என்னடி கேக்குறாரு?" "உங்களத்தான் கூப்புடுறாரு"ன்னேன்.

முன்வரிசைகள் மலர்ந்தன. பெண்கள் ஜமீலாவின் அம்மாவைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒருவர் அவர் தோளைத் தட்டினார். பின்வரிசைகளில் ஒருவர்கூடப் புன்னகைக்கவில்லை. பிரெஞ்சு தெரிந்த அந்தப் பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு மதாம் கைக்குட்டையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். ஒரே வரிதான். அரங்கின் முன்பாதி ஒரு கதையும் பின்பாதி வேறொரு கதையும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்று உறைத்தது. ஜமீலாவுக்குப் பிரெஞ்சு தெரியும். அத்தா கடைசியில் அம்மாவைத் தேடவில்லை, சைகோன் கடையில் யாரோ ஒரு பெண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது மகளுக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. தாய் கேட்டதும் மகள் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். அது பொய் என்று எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. அந்த வரிக்குள் இரண்டு மொழி நின்றதால், பொய்யும் அதன் காரணமும் அங்கேயே இருந்தன. நான் அதை ஒரே மொழி ஆக்கியபோது கதையையே எடுத்துவிட்டேன். பிழை என்று நினைத்து நான் அடித்த வரிதான் அந்த நாவலின் உயிர்.

அரங்கில் நின்றுகொண்டு கைதட்ட வேண்டும்போல இருந்தது எனக்கு. மாட்டிக்கொண்டு நிற்பவள் கைதட்ட முடியுமா?

அன்றே விற்பனையை நிறுத்திப் பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நீ செஞ்சத நீயே சரி பண்ணு" என்றார். நான் கையெழுத்துப் பிரதியின் நகலோடு ஜமீலாவின் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

ஒரு வாரம் வேலைப் பேச்சு மட்டும்தான். ஒரு நாள் அவரே சொன்னார்.

"அன்னிக்கி வூட்டுக்குப் போறப்ப அம்மா கேட்டாங்க. ‘அந்தப் புத்தகத்துல யாரோ அம்மணின்னு போட்டுருந்துச்சே, அது யாரு’ன்னு. எனக்கு உசுரே போயிடுச்சி."

"என்ன சொன்னீங்க?"

"வேற யாரு கதையோ இதுல கலந்துட்டாங்க அந்த மேடம்ன்னேன். நம்பிட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அந்த அம்மா எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம், ஒரு வரியை ஒழுங்காகப் பார்த்து எழுதத் தெரியாத பிள்ளை, பாவம் என்பதுபோல என்னைப் பார்ப்பார். ஒரு நாள் வாய்விட்டே கேட்டார். "வேலைய விட்டு எடுத்துட மாட்டாங்களே உன்ன?" அந்த இரக்கத்தை நான் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன்.

இந்த நிகழ்ச்சியை இப்போது எழுதுவது ஜமீலாவின் சம்மதத்தோடுதான். அந்த அம்மா மௌத்தாகி நாலு வருடம் ஆகிறது.

வேலை சூடுபிடித்தது. ஒவ்வொரு சொல்லையும் பழைய இடத்தில் வைக்க வைக்க, அது எந்தக் கப்பலில் வந்தது என்று தேட எனக்கு வெறி பிடித்துவிட்டது. அந்தப் பக்கத்து ‘ஆணம்’ என்ற சொல்லை எடுத்தோம்.

"இது அரபுச் சொல்தானே?" என்றேன்.

"தெரியாது மேடம். அம்மா காரைக்கால்லேர்ந்து கொண்டாந்த சொல்லு. அத்தா வூட்டுல எல்லாரும் கொழம்புன்னுதான் சொல்லுவாங்களாம். கல்யாணத்துக்கு அப்புறம் அம்மாவப் பாத்து அத்தாவும் ஆணம்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாராம்."

அம்மா ஏன் அழுதார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதினோரு நாள் வேறு நாட்டில் நின்றவர், பன்னிரண்டாம் நாள் தன் தாய்வீட்டுச் சொல்லுக்குக்கூட அல்ல, மனைவியின் வீட்டுச் சொல்லுக்குத் திரும்பியிருக்கிறார். மகள் சொன்ன பொய்யை அவர் உண்மையாக்கிவிட்டார்! அந்த ஒரு சொல்லைத்தான் நான் குழம்பாக்கிக் கரைத்திருந்தேன்.

அலுவலகத்துக்கு ஓடிப்போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். ஆணம் அசல் தமிழ்ச் சொல். பழைய சொல். நாம் மறந்துவிட்டோம், கடற்கரை முஸ்லிம் வீடுகள் அதை அடுப்பில் வைத்துக் காப்பாற்றியிருக்கின்றன. அந்நியம் என்று நான் விரட்டியது வீட்டுக்காரராக இருந்தது. சரி, அதே அத்தியாயத்தில் தமிழ் என்று நம்பி நான் தொடாமல் விட்ட சொற்களைப் பார்ப்போம் என்று பார்த்தால் சாவி, ஜன்னல், அலமாரி. மூன்றும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தவை. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். எட்டிப் பார்த்த பிழைதிருத்துநர் சண்முகம், "என்னாச்சு மேடம், உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்றார்.

சந்தோஷம் தலைக்கேறினால் அடுத்த தப்பு வரும். அதையும் செய்தேன். தேடிப் பிடித்ததையெல்லாம் சேர்த்து, நூலின் பின்னால் ஒரு சொற்பட்டியல் போட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் மூலம், பொருள், பயணம். பெருமையோடு ஜமீலாவிடம் கொண்டுபோனேன். அவர் நாலு பக்கம் பார்த்தார்.

"எங்க வூட்டுக்கு ஒருத்தவங்க வந்தா வாசப்படியில நிக்க வச்சி அகராதி குடுப்பாங்களா க்கா? உள்ள வந்து குந்தட்டும். நாலு நாள் இருந்தா சிசோன்னா என்னன்னு அவங்களுக்கே தெரிஞ்சிட்டுப் போவுது."

மேடம் போய் அக்கா வந்ததில் எனக்குப் பட்டியல் போன வருத்தம் தெரியவில்லை. அவர் சொன்னதும் சரி. சிசோ வரும் முதல் வரியிலேயே அத்தா அதை எடுத்துத் துணியை வெட்டுகிறார். இதற்குமேல் என்ன விளக்கம்? எங்கே வரி தானாகச் சொல்லவில்லையோ, அங்கே ஜமீலா ஒரு செயலைச் சேர்த்தார். கடைசி நாட்கள் வரும் அத்தியாயத்தின் தொடக்கத்தில், புதுப்பெண் அம்மா ‘ஆணம்’ என்று சொல்லி ஊற்றுவதும், ‘கொழம்பு’ என்றே சொல்லிவந்த அத்தா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதும் அப்படி வந்ததுதான். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

அச்சுக்குப் போகும் நாள் காலையில் முதலாளி அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "மத்ததெல்லாம் சரி. இந்தப் பிரெஞ்சுக்கு மட்டும் கீழ ஒரு அடிக்குறிப்பு போடு. மதுரைல இருக்கிறவன் என்னன்னு நெனப்பான்? ஒரே ஒரு வரிதானே?"

ஜமீலாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "அம்மா படிப்பாங்க க்கா. கீழ அர்த்தம் போட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

முதலாளியிடம் இதைச் சொன்னால், ஒரு வாசகருக்காக ஆயிரம் வாசகர்களைக் குழப்புவதா என்பார். அதுவும் நியாயம்தான். அச்சகத்திலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்துவிட்டது. யோசிக்க நேரம் இல்லை. சண்முகத்தைக் கூப்பிட்டேன். அவர் நாங்குநேரிக்காரர். பிரெஞ்சு ஒரு எழுத்தும் தெரியாது. அந்த நாவலின் மெய்ப்பு முழுவதையும் நானே பார்த்ததால், அதையும் அவர் அதுவரை படித்ததில்லை. "இந்த அத்தியாயத்தப் படிச்சிட்டு, புரிஞ்சத மட்டும் சொல்லுங்க" என்றேன். முதலாளி எதிரில் உட்கார்ந்திருந்தார்.

சண்முகம் நின்றபடியே படித்தார். முடித்துவிட்டுத் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"அவரு என்ன பாசையில பேசுதாருன்னு எனக்குத் தெரியல. அந்த அம்மாவுக்கும் தெரியல. நானும் அவாகூட கட்டில் ஓரத்துலதான் இருந்தேன். கூப்புடுதாருன்னு மக சொன்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. பெறகு அந்த ஆணம்னு ஒரு வார்த்த வருது பாருங்க…" என்று தாளை முதலாளி பக்கம் நீட்டினார். "அடிக்குறிப்பு எதுவும் போட்டுராதீங்க மேடம். போட்டா நான் கட்டில்ல இருந்து எந்திரிச்சிருவேன்."

நான் மேசையைத் தட்டிவிட்டேன். பிரெஞ்சு தெரியாத வாசகர் தாயின் இடத்தில் உட்காருவார். தெரிந்தவர் மகளின் இடத்தில். இரண்டு இடமும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. எந்த ஒற்றை மொழியிலும் இப்படி ஒரு பக்கத்தை எழுத முடியாது. சைகோனும் காரைக்காலும் புதுச்சேரியும் ஒரே கட்டிலில் வந்து சேர்ந்ததால் பிறந்த பக்கம் அது!

முதலாளிக்கு நன்றாகப் பிரெஞ்சு தெரியும். ஆனால் இத்தனை நாளும் அந்தப் பக்கத்தில் அவர் சொல்லைப் பார்த்தாரே தவிர அத்தாவின் குரலைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். தாளை வாங்கி, உதடு அசையப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அச்சகத்துக்குச் சொல்லிடு. அப்படியே போவட்டும்" என்றார்.

இரண்டாவது முறை விழா எதுவும் வைக்கவில்லை. முதல் பிரதியை நானே கொண்டுபோய் ஜமீலாவின் அம்மா கையில் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தின் எண்ணைக் கேட்டுப் புரட்டி, விரல் வைத்து மெதுவாகப் படித்தார். "கூப்புடுறாரு" என்ற சொல்லில் விரல் நின்றது. அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இங்க பாருடி, இப்பத்தான் ஒழுங்கா போட்டுருக்காங்க. என்னத்தான் கூப்டுருக்காரு" என்று காட்டினார். ஜமீலா இயந்திரத்தை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே இருந்தார்.

உங்களுக்கு விதி எதுவும் எழுதித் தர எனக்குத் தெரியவில்லை. புரியாத சொல் வந்தால் உடனே கை வைக்காதீர்கள், அது யாருக்குப் புரியக் கூடாது என்று கதை நினைக்கிறது என்று கேளுங்கள். ஒரு வரி தப்பாகத் தோன்றினால் எழுதியவரிடம் போய் உட்காருங்கள். அவ்வளவுதான். எல்லா நூலிலும் கலவை நல்லதாக இருக்காது. வெறும் பகட்டுக்காகப் பிரெஞ்சைத் தூவிய பிரதிகளும் என்னிடம் வந்ததுண்டு. அவற்றைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். எது வேர், எது தூவல் என்று பிரித்துப் பார்க்கத்தான் நமக்குச் சம்பளம்.

அந்த நாவல் வந்த அடுத்த வருடம், ஒரு மழைநாள் முற்பகலில், முப்பது வயதுப் பெண் ஒருத்தி அலுவலகத்துக்கு வந்தாள். பெயர் செல்வி. பிள்ளைச்சாவடி, மீனவக் குடும்பம். ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை. நெகிழிப்பையில் சுற்றி மூன்று நோட்டுகள் கொண்டுவந்திருந்தாள்.

"எங்கப்பா கடலுக்குப் போறவரு க்கா. இது அவங்க கடல்ல பேசிக்கிற பாஷ. கரையில இருக்கிற எங்களுக்கே பாதி வெளங்காது. நீங்க கை வைக்க மாட்டீங்கன்னு ஜமீலா க்கா சொன்னாங்க. அதான் வந்தேன்."

முதல் நோட்டைத் திறந்தேன். ‘அன்னிக்கி நீவாடு தெக்க இழுத்துச்சி’ என்று ஆரம்பித்தது. நீவாடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வரியில் இன்னும் இரண்டு சொல் தெரியவில்லை. மூன்றாவது வரி முழுக்கவே தெரியவில்லை. இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டேன், நோட்டை அவளிடமே கொடுத்தேன், சத்தமாகப் படிக்கச் சொன்னேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் அரைப் பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"புரியுதா க்கா?"

"புரியலம்மா. நிறுத்தாத, படி."